அந்த ஒரு கேள்வியை உங்கள் கவுண்டரில் யாரும் கேட்கவில்லை

வங்கியின் மண்டல மேலாளர் அவர்களுக்கு,

பரிசு விழுந்ததாகச் சொன்ன மின்னஞ்சல்களை நம்பி என் அண்ணன் இழந்த 3,23,000 ரூபாய் குறித்து நான் கொடுத்த புகாரை முடித்துவைத்து உங்கள் அலுவலகம் அனுப்பிய கடிதம் போன வாரம் கிடைத்தது. ஆங்கிலத்தில் இரண்டு பத்திகள். வாடிக்கையாளர் தாமே கையொப்பமிட்டுப் பணம் அனுப்பியிருக்கிறார், வங்கியின் தரப்பில் குறைபாடு ஏதுமில்லை, வாடிக்கையாளரின் கவனக்குறைவே இழப்புக்குக் காரணம், ஆகவே புகார் முடித்துவைக்கப்படுகிறது என்பதே அதன் சாரம். இதைப் பற்றிக் கேட்கக் கிளைக்குப் போனபோது அங்கிருந்த அதிகாரி ஒருவர், என் அண்ணன் காதில் விழும்படியாகவே, "ஆசைப்பட்டார், அனுபவிக்கிறார்" என்றார். அந்தக் கடிதத்தையும் அந்தச் சொல்லையும் என்னால் வாய்மூடி ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால் இந்த மடலை உங்களுக்கு எழுதுவதோடு எல்லாரும் படிக்கும்படியும் வைக்கிறேன். வங்கியின் பெயரையும் கிளையின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. நான் கேட்கப்போவது எந்த ஊரில் உள்ள எந்த வங்கிக் கிளைக்கும் பொருந்தும்.

என் அண்ணனுக்கு வயது 71. கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் 34 ஆண்டுகள் கணக்கராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சங்கக் கணக்கில் எட்டணா உதைத்தாலும் அது எங்கே என்று தெரியாமல் வீட்டுக்கு வரமாட்டார். பல இரவுகள் அண்ணி சோற்றை மூடிவைத்துக் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு மின்னஞ்சல் முகவரி என்று ஒன்று இருப்பதே, ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றிதழைப் பதியப் போன இடத்தில் ஒரு பையன் அதை உருவாக்கி அவருடைய கைப்பேசியிலும் போட்டுக் கொடுத்ததால்தான். அதில் வரும் கடிதங்களை அவர் தபாலில் வரும் கடிதங்களாகவே நினைத்தார். முத்திரை இருக்கிறதா, கோப்பு எண் இருக்கிறதா, அதிகாரியின் கையொப்பம் இருக்கிறதா என்று பார்ப்பார். மூன்றும் இருந்தால் நம்புவார். ஓர் அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவருக்கு ஒரு கடிதத்தை அப்படித்தான் சோதிக்கத் தெரியும்.

கடந்த ஐப்பசியில் வந்த முதல் கடிதம் பணம் எதுவும் கேட்கவில்லை. பிரிட்டன் லாட்டரி ஒன்றின் பெயரில், உலகம் முழுவதிலிருந்தும் திரட்டிய மின்னஞ்சல் முகவரிகளைக் குலுக்கியதில் அவருடைய முகவரிக்கு 5,00,000 பவுண்டு, அதாவது நம் பணத்தில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல், பரிசு விழுந்திருப்பதாகச் சொன்னது. பெயர், வயது, வீட்டு முகவரி, கைப்பேசி எண், ஆதார் நகல் இவற்றை மட்டும் கேட்டது. அவர் அனுப்பினார். மூன்றாம் நாள் ரிசர்வ் வங்கியின் பெயரில் அடுத்த கடிதம் வந்தது: பரிசுப் பணம் தில்லிக்கு வந்துவிட்டது, அதை விடுவிக்கப் பதிவுக் கட்டணம் 12,500 ரூபாய் கட்ட வேண்டும். அதைக் கட்டியதும் நாணய மாற்றுக் கட்டணம் 38,000 ரூபாய். பிறகு, இந்தப் பணத்துக்கும் பயங்கரவாதத்துக்கும் தொடர்பில்லை என்ற சான்றிதழுக்கு 65,000 ரூபாய். பிறகு வருமான வரி முன்பணம் 97,500 ரூபாய். கடைசியாக, கணினியில் விழுந்த தடையை நீக்க 1,10,000 ரூபாய். நாற்பது நாட்களில் ஐந்து தவணைகள், ஐந்து வெவ்வேறு வங்கிக் கணக்குகள். அந்த ஐந்து தவணைகளையும் அவர் கைப்பேசியில் அனுப்பவில்லை; அவருக்கு அது தெரியாது. ஐந்து முறையும் உங்கள் கிளைக்கு நடந்து வந்து, வரிசையில் நின்று, படிவம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

இந்தக் கடிதங்களை அவர் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, துளையிட்டு, வரிசை எண் போட்டு ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தார். மொத்தம் பதினொன்று. நான் 31 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தவள். ஒரு விடைத்தாளைப் பார்த்தால் அது சொந்தமாக எழுதியதா, பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியதா என்று தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தோடுதான் அந்தப் பதினோரு கடிதங்களையும் மேசையில் பரப்பி வைத்துப் படித்தேன். நான் கண்டவற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தக் கோப்பு என் கைக்கு வருவதற்கு முன்பு உங்கள் கவுண்டரில் ஐந்து முறை இருந்திருக்கிறது.

முதல் கடிதத்தில் அண்ணனின் பெயர் எங்குமே இல்லை. "அன்புள்ள மின்னஞ்சல் உரிமையாளரே" என்று தொடங்கி, பரிசு பெற்றவரின் பெயரை அவரிடமே கேட்கிறது. யாருக்குப் பரிசு விழுந்தது என்பது பரிசு கொடுப்பவருக்கே தெரியவில்லை. அவர் பெயரை எழுதி அனுப்பிய பிறகு வந்த இரண்டாம் கடிதத்திலிருந்து, அவர் எழுதிய அதே எழுத்துப் பிழையோடு, அந்தப் பெயர் கொட்டை எழுத்தில் நிற்கிறது. பிரிட்டனில் தேசிய லாட்டரி என்று ஒன்று 1994 முதல் உண்மையிலேயே நடக்கிறது. ஆனால் சீட்டு வாங்காதவருக்கு அதில் பரிசு கிடையாது, வென்றவரின் பரிசுத் தொகைக்கு அங்கே வரியும் கிடையாது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகத்தோடு அரசே பரிசுச் சீட்டு விற்ற காலத்தைப் பார்த்த தலைமுறை எங்களுடையது. அந்தச் சீட்டுகள் 2003இல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பிறகு என் அண்ணன் எந்தச் சீட்டையும் கையால் தொட்டதில்லை. வாங்காத சீட்டுக்கு விழுந்த பரிசு என்பதே இந்த மோசடியின் முதல் அடையாளம்.

ரிசர்வ் வங்கியின் பெயரில் வந்த கடிதங்களின் தலைப்பில் புலியும் பனைமரமும் உள்ள முத்திரை துல்லியமாக இருக்கிறது. தில்லி நாடாளுமன்றத் தெரு முகவரி இருக்கிறது. அந்தத் தெருவில் ரிசர்வ் வங்கியின் அலுவலகம் இருப்பதும் உண்மைதான். ஆளுநரின் பெயரும் கையொப்பமும் இருக்கின்றன. அவற்றையெல்லாம் இணையத்திலிருந்து எவரும் எடுத்து ஒட்டிவிடலாம். இந்தக் கடிதங்களில் அவர்கள் ஒட்டாமல் விட்டது ஒன்றுதான்: அனுப்பியவரின் முகவரி. அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் ரிசர்வ் வங்கி என்று எழுதியிருந்தாலும், அதன் மேல் விரலை வைத்தால் தெரிகிற முகவரி யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தொடங்கக்கூடிய சாதாரண மின்னஞ்சல் முகவரி. அதற்குப் பதில் எழுதினால் அந்தப் பதில் போய்ச் சேர்வதோ மூன்றாவதாக இன்னொரு முகவரிக்கு. தனி மனிதர்களின் பெயரில் தான் கணக்கு எதையும் வைத்துக்கொள்வதில்லை, பரிசுப் பணத்தை வாங்கி வைத்து விடுவிப்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி பல ஆண்டுகளாக அறிவித்து வருகிறது. அந்த அறிவிப்பு என் அண்ணன் கண்ணில் பட்டதில்லை. உங்கள் கிளை அதிகாரிகளுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

பணம் கேட்ட ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு கெடு இருந்தது. 48 மணி நேரத்துக்குள் கட்டாவிட்டால் பரிசு அரசுக் கருவூலத்துக்குப் போய்விடும் என்பார்கள். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் வேறு யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் பிறர் உரிமை கோர இடமாகிவிடும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. இந்த இரண்டில் இரண்டாவதுதான் கொடியது. பக்கத்துத் தெருவில் இருக்கும் என்னிடம் அவர் நாற்பது நாட்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பணம் வந்த பிறகு பேத்தியின் படிப்புக்கு என்று ஒரு தொகையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து வியக்க வைக்கலாம் என்று நினைத்திருந்ததாகப் பிறகு சொன்னார். குடும்பத்தில் எவரிடமும் பேசாமல் ஒரு மனிதரைத் தனியாக நிற்க வைத்துவிட்டால், அவர் நேரில் பேசக்கூடிய வெளி மனிதர் உங்கள் கவுண்டரில் இருப்பவர் மட்டும்தான்.

அவர் சந்தேகப்படாமலும் இல்லை. இதை உங்கள் அலுவலகம் அறிய வேண்டும். இரண்டாம் கட்டணம் கேட்டபோது அவர் பதில் எழுதியிருக்கிறார்: கட்டணத்தைப் பரிசுத் தொகையிலேயே கழித்துக்கொண்டு மீதியை அனுப்பலாமே என்று. முப்பத்துநான்கு ஆண்டுக் கணக்கர் கேட்ட சரியான கேள்வி அது. நம் நாட்டில் உண்மையாகவே லாட்டரியில் ரொக்கப் பரிசு விழுந்தால், 30 விழுக்காடு வருமான வரியைப் பரிசு கொடுப்பவரே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்; வரியை முதலில் கட்டு, பரிசைப் பிறகு தருகிறேன் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு வந்த பதில், பரிசுத் தொகை முழுவதும் காப்பீடு செய்யப்பட்டு முத்திரையிடப்பட்டிருப்பதால் அதிலிருந்து ஒரு பவுண்டுகூட எடுக்க முடியாது என்பது. அவர் கேட்ட இடம் தவறு, கேட்டது தவறில்லை. அதே கேள்வியை உங்கள் அதிகாரி ஒருவர் அவரிடம் திருப்பிக் கேட்டிருந்தால் அன்றைக்கே அவர் கோப்பை மூடியிருப்பார். அதற்குள் 12,500 ரூபாய் போயிருந்தது. போட்டதை எடுத்தாக வேண்டும் என்ற எண்ணமே அதன் பிறகு அவரை இழுத்துச் சென்றது.

இந்தக் கடிதங்களின் ஆங்கிலம் பிழை மலிந்தது. கதையும் நம்பக்கூடியதாக இல்லை. இதைப் படித்த எவரும் எப்படி ஏமாறுவார் என்று உங்கள் கிளையில் என்னிடம் கேட்டார்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆய்வாளர் கோர்மக் ஹெர்லி 2012இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு விளக்கம் இருக்கிறது. மோசடிக்காரருக்கு லட்சக்கணக்கான பேருக்கு மின்னஞ்சல் அனுப்பச் செலவில்லை. பதில் எழுதுகிறவர்களோடு வாரக்கணக்கில் கடிதம் நடத்துவதில்தான் உழைப்பு இருக்கிறது. ஆகவே சந்தேகப்படுகிறவர்கள் முதல் கடிதத்திலேயே விலகிவிடுவது அவருக்கு லாபம். கதை நம்ப முடியாததாக இருக்க இருக்க, பதில் எழுதுகிறவர் நம்புகிறவராகவே இருப்பார். இப்படிச் சலித்து எடுக்கப்பட்டு மிஞ்சுகிறவர்களே பணம் கட்டும் நிலைக்கு வருகிறார்கள். மின்னஞ்சலை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தால் போதும் என்று விட்டுவிட முடியாதது இதனால்தான். கற்றுக்கொண்டவர்கள் விலகிப் போன பிறகு உங்கள் வரிசையில் வந்து நிற்பவர் கற்றுக்கொள்ள வாய்ப்பில்லாதவர். வைப்புத் தொகையை உடைத்துத் தர வேண்டிய இடமாக உங்கள் கவுண்டர் இருப்பதால், அவரைத் தடுக்கக்கூடிய கடைசி இடமும் அதுவே.

அந்த இடத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

மூன்றாம் தவணைக்கும் நான்காம் தவணைக்கும் அவர் உங்கள் கிளையில் வைத்திருந்த இரண்டு டெபாசிட்டுகளை முதிர்வுக்கு முன்பே உடைத்தார். இரண்டு முறையும் உங்கள் அதிகாரி அக்கறையோடு, முன்கூட்டியே எடுத்தால் வட்டி குறையுமே, இன்னும் நான்கு மாதம் பொறுக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறார். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டாயிரத்துச் சொச்சம் வட்டியைப் பற்றிக் கேட்டவர், உடைத்த தொகை முழுவதும் அதே நாளில், அதே கவுண்டரில், முன்பின் தெரியாத மாநிலத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் கணக்குக்குப் போவதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முதல் தவணையின்போது படிவத்தில் கிளைக் குறியீட்டை எங்கே எழுதுவது என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. படிவத்தில் இந்தியும் ஆங்கிலமும் மட்டுமே இருந்தன. அவர் கோப்பைத் திறந்து, ரிசர்வ் வங்கி முத்திரையோடு இருந்த அந்தக் கடிதத்தை அப்படியே அதிகாரியிடம் நீட்டினார். அவர் கடிதத்தைப் பார்த்து, கணக்கு எண்ணையும் குறியீட்டையும் தம் கையாலேயே படிவத்தில் எழுதிக் கொடுத்தார். கடிதத்தில் இருந்ததோ ரிசர்வ் வங்கி. பணம் போனதோ தனி மனிதர் ஒருவரின் சேமிப்புக் கணக்குக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே மேசையின் மீது இருந்தன. நெஃப்ட் என்ற வங்கிப் பணமாற்று முறையில் அனுப்பும் முன்பு, பணம் பெறுகிறவரின் கணக்குப் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் எல்லா வங்கிகளும் தர வேண்டும், கிளைக்கு நேரில் வருகிறவர்களுக்கும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. அப்படி ஒரு வசதி இருப்பதை ஐந்து முறையும் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இவையெல்லாம் இப்போதுதான் தெரியவந்த புதிய தந்திரங்கள் என்று உங்கள் தரப்பில் சொல்ல முடியாது. முன்பணம் கேட்டுப் பெரும்பணம் தருவதாகச் சொல்லும் கடிதங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, சிறையில் அடைபட்ட ஸ்பானியச் செல்வர் ஒருவரை மீட்கும் கதையாக, தபாலில் சுற்றியவை. 2010 மே 26 அன்று ரிசர்வ் வங்கி அந்நியச் செலாவணிப் பிரிவின் வழியாக வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கை, லாட்டரிப் பரிசு என்ற பெயரில் வரும் மின்னஞ்சல்களையும், அவற்றுக்காகக் கேட்கப்படும் பலவகைக் கட்டணங்களையும் விவரித்து, இந்தக் கட்டணங்களை வசூலிக்கத் தனி மனிதர்கள் பெயரிலும் சிறு நிறுவனங்கள் பெயரிலும் பல கிளைகளில் கணக்குகள் தொடங்கப்படுகின்றன, அத்தகைய கணக்குகளைத் தொடங்கும்போதும் அவற்றில் பரிவர்த்தனையை அனுமதிக்கும்போதும் வங்கிகள் கூடுதல் விழிப்போடு இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. வெளிநாட்டு லாட்டரிச் சீட்டு வாங்கப் பணம் அனுப்புவதையே 2000ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி விதிகள் தடை செய்திருக்கின்றன. அண்ணன் பணம் அனுப்பிய ஐந்து கணக்குகளில் இரண்டு உங்கள் வங்கியின் வேறு மாநிலக் கிளைகளில் உள்ளவை. ஆகவே அந்தச் சுற்றறிக்கை பணம் அனுப்பிய கிளையை மட்டும் பார்த்துப் பேசவில்லை. பணத்தை வாங்கிய உங்கள் கிளைகளையும் பார்த்துப் பேசுகிறது. உங்கள் கடிதம் இந்த இரண்டு கணக்குகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமை. கார்த்திகையின் கடைசி வாரம். காலை 11 மணிக்கு ஐந்தாம் தவணை 1,10,000 ரூபாயை, அண்ணியின் இரண்டு வளையல்களை அடகு வைத்து, அண்ணன் அனுப்பியிருந்தார். மதியம் தற்செயலாக நான் அங்கே போனேன். வளையல் இல்லாத கையைப் பார்த்துக் கேட்டபோது அண்ணி அழுதார். அதன் பிறகுதான் அண்ணன் கோப்பை எடுத்து வைத்தார். "ரிசர்வ் பேங்க்ல இருந்து வந்திருக்கும்மா, கவர்னரே கையெழுத்துப் போட்டிருக்கார் பாரு" என்றார். நான் நான்கு பக்கம் படித்துவிட்டு, "அண்ணே, எந்திரிங்க, பேங்க்குக்குப் போவோம்" என்றேன். மூன்றரை மணிக்கு உங்கள் கிளையில் இருந்தோம். பணம் போய் நாலரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. மேலாளர் விடுப்பில் இருந்தார். இருந்த அதிகாரி, எழுத்தில் புகார் கொடுங்கள், மேலாளர் வந்ததும் பார்ப்பார் என்றார். மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை. அதற்கடுத்த நாள் ஞாயிறு. திங்கட்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

1930 என்ற எண் ஒன்று இருப்பதை அன்று உங்கள் கிளையில் எவரும் எங்களிடம் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. அதற்காக என்னை நான் மன்னிக்கவில்லை. இணையவழிப் பண மோசடியை உடனே தெரிவிப்பதற்காக ஒன்றிய உள்துறை அமைச்சகம் நடத்தும் அந்த எண்ணில் புகார் பதிந்தால், பணம் போன கணக்கு உள்ள வங்கிக்கு அது கணினி வழியே போய், இன்னும் எடுக்கப்படாத தொகையை அங்கேயே நிறுத்தி வைக்க முடியும். மோசடிப் பணம் ஒரு கணக்கில் தங்குவது சில மணி நேரம்தான். அதற்குள் அது பல கணக்குகளுக்குப் பிரிந்து, ஏதோ ஓர் ஊரின் ஏடிஎம்மில் நோட்டாக வெளியேறிவிடும். ஞாயிறு இரவு என் பழைய மாணவன் ஒருவன், இப்போது சென்னையில் கணினித் துறையில் இருப்பவன், தொலைபேசியில் இதைக் கேட்டுப் பதறி, அந்த எண்ணைச் சொன்னான். இரவு பத்து மணிக்குப் பதிந்தோம். கடைசிக் கணக்கில் 7,400 ரூபாய் மீதம் இருந்தது. அதை மட்டும் முடக்க முடிந்தது. வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு உங்கள் அதிகாரி தம் மேசையில் இருந்த தொலைபேசியை எடுத்து நான்கு இலக்கங்களை அழுத்தியிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

உங்கள் கடிதத்தில் உண்மை உள்ள பகுதியை நான் மறுக்கவில்லை. அண்ணன்தான் கையொப்பமிட்டார். வாடிக்கையாளரின் பொறுப்பை வரையறுக்கும் 2017 ஜூலை 6ஆம் நாள் சுற்றறிக்கை, அவர் அனுமதியில்லாமல் நடந்த பரிவர்த்தனைகளுக்கே பாதுகாப்புத் தருகிறது. தாமே அனுப்பியவருக்கு அதில் இடமில்லை என்பதையும் படித்துத் தெரிந்துகொண்டேன். ஏமாற்றி வாங்கிய கையொப்பத்தையும் மனமார இட்ட கையொப்பத்தையும் அந்த விதி ஒன்றாக வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் அதை மாற்றுவது உங்கள் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் கையில் இருப்பதைத்தான் கேட்கிறேன்.

புகார் கொடுத்த பன்னிரண்டாம் நாள் அண்ணனுக்கு இன்னொரு மின்னஞ்சல் வந்தது. சர்வதேசக் காவல்துறையின் பெயரில், லாட்டரி மோசடியில் பணம் இழந்தவர்களுக்கு இழப்பீடு வழங்கப்படுகிறது, அதற்கான கோப்பைத் திறக்க 18,000 ரூபாய் கட்டணம் என்று. ஒரு முறை கொடுத்தவரின் பெயரையும் முகவரியையும் வைத்துக்கொண்டு இரண்டாம் முறையும் வருவது இந்தக் கூட்டத்தின் வழக்கம். இந்த முறை அவர் யாருக்கும் பதில் எழுதவில்லை. கைப்பேசியை என் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அவர் உங்கள் கிளைக்கு வருவதில்லை. ஓய்வூதியத்தை அவருடைய மகன்தான் ஏடிஎம்மில் எடுத்து வருகிறான். தெருவில் உங்கள் ஊழியர்களைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். "ஆசைப்பட்டார்" என்ற அந்த ஒரு சொல் 3,23,000 ரூபாயைவிட அதிகமாக அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது.

நான் கேட்பவை இவை.

உங்கள் மண்டலத்தின் எந்தக் கிளையிலும், அறுபது வயதைக் கடந்த ஒருவர் நேரில் வந்து, இதற்கு முன் ஒருபோதும் பணம் அனுப்பாத ஒரு தனி மனிதரின் கணக்குக்குப் பணம் அனுப்பக் கேட்டால், அதிலும் டெபாசிட்டை உடைத்து அனுப்பக் கேட்டால், அதிகாரி அவரைப் பார்த்துத் தமிழில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இது யாருக்கு, எதற்கு? பரிசு, லாட்டரி, இழப்பீடு, வெளிநாட்டுப் பார்சல் என்று ஏதாவது உங்களுக்கு வர வேண்டியிருக்கிறதா, அதற்கான கட்டணமா இது?" ஆம் என்று அவர் சொன்னால், அந்தப் பணத்தை அனுப்பும் முன்பு அவருடைய குடும்பத்தில் ஒருவரிடம் பேசச் சொல்ல வேண்டும்; பணம் பெறுகிறவரின் கணக்குப் பெயரைத் திரையில் காட்ட வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ செலவோ தேவையில்லை. ஒரு நிமிடம் தேவைப்படும். வரிசை நீளமாக இருக்கிறது என்பதை இதற்கு மறுப்பாகச் சொல்லாதீர்கள். அந்த வரிசையில் நின்றிருந்தவர் என் அண்ணன்.

பணம் அனுப்பும் படிவத்தைத் தமிழிலும் அச்சிட வேண்டும். வாடிக்கையாளருக்கான அறிவிப்புகள் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறையே. அந்தப் படிவத்தில், கையொப்பமிடும் இடத்துக்கு மேலேயே, பரிசு வாங்க முன்பணம் கேட்பவர் எவராயினும் மோசடிக்காரர் என்று ஒரு வரி, முதியவர் கண்ணாடியில்லாமல் படிக்கும் அளவில் இருக்க வேண்டும்.

1930 என்ற எண்ணை ஒவ்வொரு கவுண்டரிலும் தமிழில் எழுதி வையுங்கள். மோசடி என்று ஒருவர் வந்து நின்றால் எழுத்துப் புகார், மேலாளர் ஒப்புதல், காவல் நிலைய ரசீது எதையும் கேட்கும் முன்பு, அங்கிருக்கும் ஊழியரே அந்த எண்ணை அழைத்து, படிவத்தைப் பார்த்துப் பரிவர்த்தனை எண்ணைச் சொல்லிப் பதிந்து தர வேண்டும் என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலையிலும் இது நடக்க வேண்டும்.

உங்கள் வங்கியிலேயே உள்ள அந்த இரண்டு கணக்குகள் எப்போது, எந்த அடையாளச் சான்றின் பேரில் தொடங்கப்பட்டன என்பது சோதிக்கப்பட்டதா, அவை இப்போதும் இயங்குகின்றனவா, மற்ற மூன்று வங்கிகளுக்கு நீங்கள் எந்த நாளில் எந்த மணிக்குத் தகவல் அனுப்பினீர்கள் என்பதை எனக்குத் தமிழில் எழுதித் தெரிவியுங்கள். கணக்கு வைத்திருப்பவரின் பெயரை நான் கேட்கவில்லை. அது காவல்துறையின் வேலை. முப்பது நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இந்தக் கோப்போடு போவேன்.

உங்கள் கடிதத்தில் உள்ள "வாடிக்கையாளரின் கவனக்குறைவே காரணம்" என்ற வாக்கியத்தைத் திரும்பப் பெற்று வேறு கடிதம் அனுப்புங்கள். கிளையில் சொல்லப்பட்ட சொல்லுக்காக, சொன்னவர் அல்லது கிளை மேலாளர், என் அண்ணனின் வீட்டுக்கு வந்து அவரிடம் நேரில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். அவர் கிளைக்கு வரமாட்டார்.

கடைசியாக, அந்தப் பதினோரு கடிதங்களின் நகலையும் உங்கள் அலுவலகத்துக்கு நானே கொண்டுவருகிறேன். உங்கள் மண்டலத்தின் கிளை அதிகாரிகள் கூடும் அடுத்த கூட்டத்தில் எனக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். ஒவ்வொரு கடிதமாக எடுத்து வைத்து, எந்த வரியில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
அவருடைய தங்கை,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை